டேங்க் முதல் ஜெட் வரை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், நைனார்பாளையத்தில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்திவரும் நம் இயற்பியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ எதைப் பத்திப்பா பேசப் போற?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "வண்டிக்குப் பெட்ரோல் ஏன் வரலைங்கறதைப் பத்திப் பேசறேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, நிகழ்ச்சி நிரலில் 'கார்புரேட்டர் வாகனங்களில் எரிபொருள் ஓட்டக் கோளாறுகள்' என்று மரியாதையாக அச்சடித்துவிட்டார். இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் கார்புரேட்டரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபிறகு விற்பனைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷன் வண்டிகள்தான். ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அப்பா ஓட்டிய ஸ்ப்ளெண்டர், மாமா கொடுத்த பழைய எக்ஸ்.எல்., யாரோ ஆசையாய்த் தேடி வாங்கிய ஆர்.எக்ஸ். 100 எல்லாம் அங்கே நிற்கும். சிடி 100-ம் ஆர்.எக்ஸ். 100-ம் 1985-ல் வந்தவை, ஸ்ப்ளெண்டர் 1994. சின்னசேலம், கச்சிராயபாளையம், கல்வராயன்மலைப் பக்கம் போனால் நிலத்துக்கு உரம் ஏற்றவும், பால் கேன் கட்டவும், ஆஸ்பத்திரிக்கு ஓடவும் இன்னும் இந்த வண்டிகள்தான். அவை நின்றால் அந்த வீட்டில் அன்றைக்குப் பிழைப்பு நிற்கிறது.

இப்படிப்பட்ட வண்டி என் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் மூன்று நான்கு சாமான் மாற்றப்பட்டுத்தான் வருகிறது. பிளக் புதுசு, காயில் புதுசு, சில சமயம் கார்புரேட்டரே புதுசு. கோளாறு மட்டும் பழசு. ஆகவே இன்றைக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. பெட்ரோல் போகிற வழியை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இடமாக, அளந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தபிறகு பர்ஸைத் திறங்கள்.

பெட்ரோல் போகும் வழி

நம்ம ஊரில் ஓடுகிற சாதாரண கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளில் பெட்ரோலைத் தள்ளிவிட பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். டேங்க்கின் அடியில் பெட்ரோல் காக். காக்கின் தலையில் ஒரு வலை. அங்கிருந்து டியூப். சில வண்டிகளில் நடுவே ஒரு ஃபில்டர். பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணம்.

இந்தக் கிண்ணத்தில் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் பந்து வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து ஏறி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். அதே வேலைதான் இங்கே. ஃப்ளோட் ஏறினால் ஒரு சின்ன ஊசி போய் வழியை அடைக்கும். கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோலை ஜெட் வழியாக எஞ்சின் இழுத்துக்கொள்கிறது. குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும் என்று வெஞ்சுரி பாடத்தில் படித்தோமே, அதுதான் உறிஞ்சுகிறது. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் 1893-ல் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அடிப்படை இன்றும் அதுவேதான்.

இதில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு வழி உண்டு. பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று மேலே வரவேண்டும். அதற்காக டேங்க் மூடியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு காற்றுவழி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குபுக் குபுக்கென்று முரண்டு பிடிக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக வரும். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்.

இந்தத் துளை எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். பேராசிரியர்கள் முன்னிலையில் கணக்குப் போடுவது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

டேங்க்கில் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உயரம் சுமார் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்கு. அந்த உயரம் தருகிற அழுத்தம் சுமார் 2,200 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அதாவது பெட்ரோலைக் கீழே தள்ளுகிற விசை காற்றழுத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். துளை அடைபட்டு, டேங்க்குக்குள் காற்றழுத்தம் அந்த இரண்டு பங்கு குறைந்தால் போதும், பெட்ரோல் அப்படியே நின்றுவிடும்.

இன்னும் ஒரு படி போவோம். பத்து லிட்டர் டேங்க்கை நிரப்பி மேலே ஒரு லிட்டர் காற்று இடம் இருந்தால், அதில் நூற்றுக்கு இரண்டு என்பது 20 மில்லி. அந்த 20 மில்லி இறங்கியதுமே ஓட்டம் நின்றுவிடும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தருகிற வண்டி அதில் ஒரு கிலோமீட்டர் போகும். டேங்க் பாதி காலியாக இருந்து உள்ளே ஐந்து லிட்டர் காற்று இருந்தால், 100 மில்லி இறங்கும். ஐந்து கிலோமீட்டர் போகும். நடைமுறையில் பெட்ரோல் ஆவியும், மூடி ஓரத்துக் கசிவும், கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஓட வைக்கும். ஆனால் விஷயம் இதுதான்: மூடித் துளை அடைபட்ட வண்டி, டேங்க் நிறைய இருக்கும்போது சீக்கிரம் நிற்கும், குறைவாக இருக்கும்போது அதிக தூரம் ஓடும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். இந்தத் தலைகீழால் ஒரு பையனுக்குக் கெட்ட பெயர் வந்தது. அதைச் சொல்கிறேன்.

பங்க்கில் நடந்த தகராறு

கல்வராயன்மலையிலிருந்து ஒரு பெரியவர் பழைய நூறு சி.சி. வண்டியில் கீழே இறங்கி வருவார். சாமை, கடுக்காய், தேன் என்று பருவத்துக்கு ஏற்றபடி மூட்டை கட்டிக்கொண்டு வந்து விற்றுவிட்டு, அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு திரும்புவார். கீழே ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். மழைக்காலம் முடிந்த சமயம், நிரப்பிக்கொண்டு போன வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டரில் நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. மலையில் சுற்றும்போது ஓரளவு ஓடுகிறது. பங்க்குக்கு வந்து நிரப்பினால்தான் நிற்கிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? "தண்ணி கலந்து ஊத்தறாங்க."

அந்த நேரம் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவன் பகலில் கல்லூரியில் படித்துக்கொண்டு மாலையில் அங்கே வேலை பார்க்கும் பையன். நாலு பேர் முன்னால் பெரிய சத்தம். "படிக்கிற புள்ள, இப்படித் தண்ணியக் கலக்கறியே"ன்னு கேட்டுவிட்டார். பையனின் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது. இதற்குள் பெரியவர் பிளக், காயில், கார்புரேட்டர் என்று மாற்றி, மூவாயிரத்துக்கு மேல் செலவழித்துவிட்டார். கடைசியில் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடும் யோசனையில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பையனும் கூடவே வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"ஐயா, நின்னதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மூடியத் தொறந்து பாப்பேன் தம்பி. பெட்ரோல் ரொம்ப இருக்கும். மூடிட்டு ரெண்டு மிதி மிதிச்சா கெளம்பிடும். மறுபடி கொஞ்ச தூரத்துல நிக்கும்."

இதைக் கேட்டதும் பாதி வேலை முடிந்தது. திறந்து பார்க்கும்போது காற்று உள்ளே போய்விடுகிறது, அதனால்தான் கிளம்புகிறது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கேரி பேக்கை மடித்து அடியில் வைத்து அழுத்தி மூடியிருந்தார்கள். துளை முழுக்க அடைபட்டிருந்தது.

சும்மா சொன்னால் நம்பமாட்டார் என்பதால் செய்து காட்டினேன். கார்புரேட்டரிலிருந்து டியூபைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட மருந்து பாட்டிலில் விட்டு, மூடியை அதே கேரி பேக்கோடு இறுக்கிக் காக்கைத் திறந்தேன். பெட்ரோல் நன்றாக வந்தது, மெலிந்தது, சொட்டியது, நின்றது. மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். பெட்ரோல் மறுபடி கொட்டியது. பாட்டிலைச் சற்று நேரம் வெயிலில் வைத்துப் பார்த்தோம். அடியில் தண்ணீர் முத்து ஒன்றும் இல்லை. தெளிவான பெட்ரோல்.

பெரியவர் கேரி பேக்கைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையனின் தோளில் கை வைத்து, "வாப்பா, உங்க மொதலாளிகிட்ட நானே வந்து சொல்லிட்டு அப்பறம் மலைக்குப் போறேன்" என்றார். சொல்லிவிட்டுத்தான் போனார். வேலைக்குக் கூலி வாங்க எனக்கு மனசு வரவில்லை. நான் மாற்றிய சாமான் எதுவும் இல்லையே.

ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ளப் பங்க்கிலேயே வழி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும், ஐந்து லிட்டர் அளவுக் கலனில் பிடித்து அளவு சரிபார்க்கவும் வாடிக்கையாளர் கேட்கலாம். சண்டை போடுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் கோளாறு பெட்ரோலிலா, கரண்டிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்ததுபோல டப்பென்று நிற்கும். பெட்ரோல் வராத வண்டி சொல்லிவிட்டுத்தான் நிற்கும். இழுவை குறையும், இரண்டு தரம் குலுக்கும், பிறகு அடங்கும். அப்படி அடங்க ஆரம்பிக்கும்போது சோக்கைப் போட்டுப் பாருங்கள். சில வினாடி உயிர் வந்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று ஏறக்குறைய உறுதி. பத்து மிதி மிதித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது கரண்ட் இல்லை.

இரண்டாவது, டேங்க். பெட்ரோல் இருக்கிறதா, காக் எந்தப் பக்கம் இருக்கிறது? சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு வண்டி இதற்காகவே தள்ளிக்கொண்டு வருகிறது. காக்கின் உள்ளே இரண்டு வழி உண்டு. ஒன்று உயரமான குழாய், அது 'ஆன்'. அடிமட்டத்தில் இருப்பது 'ரிசர்வ்'. இன்னொரு விஷயம், மோட்டார் சைக்கிள் டேங்க் நடுவில் குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருக்கும். பெட்ரோல் குறையும்போது காக் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தங்கிவிடும். காக் உள்ள பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். நம்ம ஆட்கள் வண்டியைச் சாய்த்து ஆட்டுவது மூடநம்பிக்கை இல்லை.

மூன்றாவது, மூடித் துளை. நிற்கிற சமயத்தில் மூடியைத் திறந்து 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கேரி பேக், சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட வாஷர், மூடியையும் சேர்த்து இறுக்கும் டேங்க் கவர், உழவு மண், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். இதே அடைப்பு மத்தியான வெயிலில் நேர்மாறாகவும் வேலை செய்யும். டேங்க் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறி, காக் திறந்திருந்தால் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஒழுகும்.

நான்காவது, காக்கும் வலையும். டியூபைக் கழற்றி 100 மில்லி மருந்து பாட்டிலில் பிடியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 50 தருகிற வண்டிக்கு நிமிடத்துக்கு 20 மில்லி வேண்டும். மலை ஏற்றத்தில், மூட்டையோடு போனால் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே ஒரு நிமிடத்துக்குள் பாட்டில் நிறைய வேண்டும் என்பது என் பட்டறைக் கணக்கு. மூடியைத் திறந்து ஒரு தரம், மூடி ஒரு தரம் பிடியுங்கள். திறந்தாலும் மெதுவாக வந்தால் வலையில் துரு அல்லது பிசின். 'ரிசர்வ்' வேகமாக வந்து 'ஆன்' மட்டும் மெதுவாக வந்தால் மேல்குழாயில் அடைப்பு.

ஐந்தாவது, டியூபும் ஃபில்டரும். டியூப் தேவைக்கு மேல் நீளமாக இருந்து மேலே வளைந்து இறங்கினால், அந்த வளைவில் காற்றுக்குமிழ் தங்கிவிடும். காக்கிலிருந்து கார்புரேட்டர் வரை சரிவாகவே இறங்க வேண்டும். ஃபில்டரோடு ஒரு தரம், ஃபில்டர் இல்லாமல் ஒரு தரம் பாட்டில் பிடித்தால் தெரிந்துவிடும். கார் பம்ப்புக்கான ஃபில்டரைக் கொண்டுவந்து மாட்டினால், நாம் முன்பு கணக்குப் போட்ட அந்த இரண்டு பங்கு அழுத்தம் அதைத் தாண்டத் திணறும்.

ஆறாவது, கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஒரு டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். பாட்டிலை வைத்துத் திறங்கள். முதலில் கிண்ணத்தில் நிற்பது கொட்டும். அதன்பிறகும் சீராக வந்துகொண்டிருந்தால் ஃப்ளோட் ஊசி நன்றாகத் திறக்கிறது. டியூபில் வேகமாக வந்தது இங்கே சொட்டினால் அடைப்பு ஊசியிடத்தில். பிடித்த பெட்ரோலைக் கண்ணாடியில் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். பழுப்புத் தூள் என்றால் டேங்க்கில் துரு. கார்புரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் திரும்ப வரும்.

இந்த ஆறு இடமும் சரி, கிண்ணம் நிறையப் பெட்ரோல் நிற்கிறது, அப்படியும் வண்டி சரியில்லை என்றால்தான் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும்.

ஜெட்டில் குண்டூசி வேண்டாம்

ஐடிலிங் நிற்கவில்லை, ஆக்சிலேட்டர் முறுக்கினால் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட். ஐடிலிங் நன்றாக இருந்து, முழுசாய் முறுக்கும்போது மட்டும் திணறினால் மெயின் ஜெட். எப்போதும் சோக் போட்டே ஓட்ட வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட்டையும் பாருங்கள், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரும் ஓ-ரிங்கும் வெடித்துக் காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கெய்ஹின் ஜெட்டில் 75 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.75 மில்லிமீட்டர். ஸ்லோ ஜெட் அதிலும் பாதி. இதில் குண்டூசியையோ கம்பியையோ விட்டுக் குத்துகிறார்கள். பித்தளை மென்மையானது. 0.40 துளை 0.44 ஆகிவிட்டால் பரப்பு நூற்றுக்கு 21 கூடிவிடும். பிறகு புகை அடிக்குது, மைலேஜ் இல்லை என்று அடுத்த புலம்பல். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, எதிர்ப்பக்கமிருந்து காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் போதும்.

மலை ஏறினால் காற்றுக் குறைவு, அதனால்தான் வண்டி நிற்கிறது என்றும் சொல்வார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு கூடக் குறைவதில்லை. இழுவை கொஞ்சம் குறையலாம். வண்டி நிற்பதற்கு அது காரணம் ஆகாது. கீழே போதுமானதாக இருந்த பெட்ரோல் வரத்து ஏற்றத்தில் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

ஒழுகுகிற கோளாறும் உண்டு. ஃப்ளோட் ஊசியில் ஒரு தூசி சிக்கினால் கிண்ணம் நிரம்பி வழியும். கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கும். காதருகே ஆட்டிப் பார்த்தால் தெரியும். சில நேரம் இப்படி வழிகிற பெட்ரோல் எஞ்சின் வழியாக ஆயிலில் போய்க் கலந்துவிடும். ஆயில் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். இரவில் வண்டியை நிறுத்தும்போது காக்கை மூடுகிற பழைய பழக்கம் நல்ல பழக்கம்.

எத்தனால் வந்தபிறகு

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சில பங்க்குகளில் தொடங்கியது. 2025-ல் நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. நாம் விளைவிக்கிற கரும்பும் மக்காச்சோளமும் அதற்கு மூலப்பொருள் என்பதால் அதைத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் பழைய வண்டிக்காரர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ரப்பர் டியூப், ஓ-ரிங், காக் வாஷர் ஆகியவை எத்தனாலில் ஊதிப்போகும், அல்லது வெடிக்கும். கடையில் எத்தனால் தாங்குகிற டியூப் என்று கேட்டு வாங்குங்கள். அடுத்து, எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். காக்கின் ரிசர்வ் வழியும் அடியில்தான் இருக்கிறது.

வேதியியல் துறைத் தம்பி தங்கைகள் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அளவுக் குழாயில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர். குலுக்கி வையுங்கள். கீழே 10 மில்லி இருக்க வேண்டிய அடுக்கு ஏறக்குறைய 30 ஆக நிற்கும். கூடுதலாக வந்தது எத்தனால். யாரும் கலப்படம் செய்யவில்லை.

மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்து, காக்கை மூடி வையுங்கள். 2020 ஊரடங்கில் நின்ற வண்டிகள் பிறகு வரிசையாகப் பட்டறைக்கு வந்தன. முக்கால்வாசி வண்டிகளில் ஸ்லோ ஜெட் பிசினாகிக் கிடந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது டியூபைக் கழற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவிப் போய், பத்தடி தள்ளி எரிகிற சாமி விளக்கிலும் பற்றும். திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. காற்றடிக்கச் சைக்கிள் பம்ப் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, இங்கே நான் சொன்னதில் பெரும்பகுதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: அழுத்தம், அடர்த்தி, பரப்பு. படித்து முடித்து நீங்கள் எந்த ஊருக்கு, எந்த வேலைக்குப் போனாலும், விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது அப்பாவின் வண்டியை ஒரு தரம் மூடியிலிருந்து ஜெட் வரை பார்த்துக் கொடுங்கள். ஒரு மருந்து பாட்டில், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம் போதும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் என் பட்டறையில் கூட்டம் குறைவு. கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் தாராளமாக வரலாம். அந்தப் பங்க்கில் வேலை பார்த்த தம்பி இப்போது வாராவாரம் வருகிறான். பாட்டில் பிடிக்கிற வேலை அவனுடையது.